பரமபதமும் பாம்பேணியும்: ஒரு விளையாட்டின் நாடுமாற்றமும் ஊவாத் தோட்ட வாழ்வும்

விளையாட்டுக்கள் பொழுதைப் போக்குவதற்கே உரியன என்ற எண்ணம் கற்றோரிடையேயும் நிலவுகின்றது. கூத்தையும் நாட்டார் பாடலையும் ஆய்வுக்குரிய பொருள்களாக ஏற்றுக்கொண்ட தமிழுலகு, பலகையும் காயும் கொண்டு ஆடப்படும் விளையாட்டுக்களை அந்த அளவுக்குப் பொருட்படுத்தியதில்லை. ஆயின் எந்தப் பலகையும் நான்கு வினாக்களுக்கு விடை கூறியே ஆகவேண்டும். ஆடுவோர் எங்கிருந்து தொடங்குகின்றனர்? எது அவர்களை உயர்த்துகின்றது? எது வீழ்த்துகின்றது? சென்றடைய வேண்டிய இடம் யாது? ஒரு சமுதாயத்தை நோக்கி எழுப்பப்படும் வினாக்களும் இவையே. ஆதலின் ஒரு நாட்டில் தோன்றிய பலகை பிறிதொரு நாட்டுக்கு ஏற்ப மாற்றப்படும்போது, மாறியது எது, மாறாது நின்றது எது என்று ஆராய்வது அவ்விரு நாடுகளின் கருத்துலகையும் ஒப்பிட்டு நோக்குவதாக அமையும்.

இத்தகைய ஒப்பீட்டுக்குப் பரமபத சோபானம் சிறந்த எடுத்துக்காட்டாகும். இந்தியாவில் வழங்கிய இவ்விளையாட்டு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் புதுவடிவம் பெற்றுப் பாம்பேணி என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. ஊவா மாகாணத்தின் தோட்டங்களை நினைவிற்கொண்டு இதனை நோக்குவதற்குத் தனிக் காரணம் உண்டு. பதுளை, பசறை, நமுனுகுல, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழரின் முன்னோர், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பிரித்தானிய ஆட்சிக் காலத்திலே கொண்டுவரப்பட்டோராவர். பரமபதம் வழங்கிய நிலத்திலிருந்து மனிதர் கடல் கடந்து மலையேறினர். அதே நிலம் அறிந்திருந்த விளையாட்டு இலண்டனுக்குச் சென்று அச்சுப் பலகையாகி, ஆட்சியாளரின் பாடசாலை வழியாகவும் கடை வழியாகவும் இந்நாட்டுச் சிறுவர் கைக்கு வந்தது. இன்று லயத்துக் காம்பராவிலே தாளை விரித்துப் பாம்பேணி ஆடும் சிறுவன், தன் முன்னோரின் நாட்டுக்குரிய ஒன்றையே பிறர் திருத்திய வடிவில் ஆடுகின்றான். அத்திருத்தத்தின் தன்மை யாது, அது அவனது வாழ்வைப் பற்றி என்ன கூறுகின்றது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

பரமபத சோபானம் என்ற தொடரில் பரமபதம் என்பது திருமாலின் உறைவிடமாகிய வைகுந்தத்தையும், சோபானம் என்பது படிக்கட்டையும் குறிக்கும். மார்கழி மாதத்து வைகுந்த ஏகாதசி இரவில் கண் விழித்திருப்போர் இதனை ஆடுவது தமிழகத்து வழக்கம். கட்டங்களில் தெய்வங்களும், விலங்குகளும், இதிகாச புராண மாந்தரும் வரையப்பட்டிருப்பர். நற்குணங்களைச் சுட்டும் கட்டங்களிலிருந்து ஏணிகள் மேலெழும். தீக்குணங்களைச் சுட்டும் கட்டங்களில் பாம்புகள் வாய் திறந்திருக்கும். தாயக்கட்டையையோ சோழியையோ உருட்டிக் காய் நகர்த்தப்படும். பல இடங்களில் தாயம் விழுந்தாலன்றிக் காய் பலகையினுள் நுழைவதில்லை.

இவ்வகைப் பலகைகள் வைணவத்துக்கு மட்டும் உரியனவல்ல. வட இந்தியாவில் ஞான சௌபர் என்ற பெயரில் வழங்கியவற்றுள் 84 கட்டங்கள் கொண்ட சமணப் பலகைகளும், 72 கட்டங்கள் கொண்ட வைணவப் பலகைகளும், இசுலாமிய சூபி மரபைச் சார்ந்த பலகைகளும் உள்ளன. 1985ஆம் ஆண்டில் அன்றூ டொப்ஸ்பீல்ட் வெளியிட்ட ஆய்வு இப்பலகைகளின் வகைகளை முறைப்படுத்திக் காட்டியது. அவற்றுள் ஒரு செய்தி நமது ஆய்வுக்கு இன்றியமையாததாகும். 72 கட்டப் பலகையில் வைகுந்தம் 68ஆம் கட்டத்தில் அமைந்துள்ளது. அதற்கு அப்பாலும் கட்டங்கள் உள்ளன. ஆகவே மிகப் பெரிய எண்ணை எட்டியவன் வென்றவனாகான். உரிய இடத்தில் நின்றவனே வென்றவன். வைகுந்தத்தைக் கடந்து சென்றவன் மீண்டும் வீழ்ந்து அலைந்து வரவேண்டியவனாகின்றான்.

இப்பலகையின் கருத்தடிப்படை வினைக்கோட்பாடாகும். உயிர் பல பிறவிகளில் ஏறியும் இறங்கியும் அலைந்து இறுதியில் வீடுபேறு அடையும் என்பதே அதன் பொருள். ஆடுபவனுக்கு இங்கு தெரிவு எதுவுமில்லை. உருட்டுவதும் விழுந்ததை ஏற்பதுமே அவன் செயல். இதனை இவ்விளையாட்டின் குறையாகக் கொள்வாரும் உளர். ஆயின் கட்டையின் வீழ்ச்சி பழவினையைக் குறித்து நிற்கும் ஒரு கருத்துலகில், தெரிவின்மை குறையாகாது. பலகையின் பொருளும் ஆட்டத்தின் விதியும் இங்கு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. கலைப்படைப்பொன்றில் உள்ளடக்கமும் உருவமும் இயைந்து நிற்பதைப் போற்றும் விமரிசனம், இவ்வியைபையும் போற்றுதல் தகும்.

இங்கிலாந்தில் இவ்விளையாட்டுக்கு ஏற்ற நிலம் முன்னரே பண்பட்டிருந்தது. நல்லொழுக்கம் புகட்டும் பலகை விளையாட்டுக்கள் அங்கு 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே வெளிவந்துகொண்டிருந்தன. 1800ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியான 'மகிழ்ச்சி மாளிகை' என்னும் பொருள்தரும் பெயர்கொண்ட பலகை அவற்றுள் ஒன்று. பகடை சூதாட்டத்தோடு தொடர்புடையது என அஞ்சிய குடும்பங்கள், அதற்குப் பதிலாக எண்கள் பொறித்த பம்பரத்தைச் சுழற்றின. இத்தகைய சூழலிலே 1890களில் பாம்பேணிப் பலகைகள் இலண்டன் கடைகளில் விற்பனைக்கு வந்தன. சௌபர், பச்சீசி ஆகியவற்றின் வழியில் வந்த லூடோ 1896ஆம் ஆண்டில் அங்கு காப்புரிமை பெற்றதும் இக்காலத்திலேயே. பேரரசின் குடியேற்ற நாடுகளிலிருந்து தேயிலை மட்டுமன்றி விளையாட்டுக்களும் இறக்குமதியான காலம் அது. 1890ஆம் ஆண்டிலேதான் தோமஸ் லிப்டன் இலங்கையில் தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னை அவரது பெயரோடு இணைந்த தோட்டமாயிற்று.

ஆங்கிலப் பலகையில் நிகழ்ந்த மாற்றங்களை மூன்றாக வகுத்துக் கூறலாம். முதலாவது, ஏணிகளின் பெயர் மாறியது. பத்தியும் தவமும் ஞானமும் இருந்த இடங்களில் சிக்கனமும் உழைப்பும் கீழ்ப்படிவும் வந்தமர்ந்தன. உழைப்பு ஏணி வெற்றிக்கு ஏறியது. சோம்பற் பாம்பு வறுமைக்கு இறக்கியது. வறுமை ஓர் ஒழுக்கக் குறையின் விளைவு என்ற கருத்து இங்கு படமாகத் தீட்டப்பட்டது. சாமுவேல் சிமைல்ஸ் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்முயற்சி பற்றிய நூல் எந்த வகுப்பாரின் நம்பிக்கையை எடுத்துரைத்ததோ, அவ்வகுப்பாரின் பிள்ளைகளுக்காகவே இப்பலகைகளும் அச்சாயின. இரண்டாவது, பாம்புகளுக்கும் ஏணிகளுக்கும் இடையிலான விகிதம் மாறியது. பழைய பலகைகளில் பெரும்பாலும் பாம்புகள் மிகுந்தும் ஏணிகள் குறைந்தும் இருந்தன. வீடுபேறு அரிது என்பதே அதன் கருத்து. ஆங்கிலப் பலகைகளில் இரண்டும் ஏறக்குறையச் சமமாயின. வீழ்ந்தவன் எழுவதற்கு ஏணி உண்டு என்ற ஆறுதல் இதனால் உண்டாயிற்று. மூன்றாவது, இலக்கு மாறியது. பத்துக்குப் பத்தாக அமைந்த 100 கட்டங்களில் நூறாவது கட்டமே வெற்றி என்றாயிற்று. உரிய இடத்தில் நிற்பது வெற்றி என்பது போய், பெரிய எண்ணை முதலில் எட்டுவது வெற்றி என்றானது. சமயக் கருத்து நீங்கியதைப் பலரும் எடுத்துக்காட்டுவர். இம்மூன்றாம் மாற்றம் அதனினும் ஆழமானது எனலாம்.

இம்மாற்றங்கள் ஒரு முரண்பாட்டைத் தோற்றுவித்தன. உழைப்பவன் உயர்வான் என்று பலகை கூறுகின்றது. ஆனால் உழைப்பு என்ற கட்டத்தில் ஒருவன் வந்து நிற்பது உழைப்பால் அன்று, பகடையின் வீழ்ச்சியால். சோம்பற் கட்டத்தில் விழுந்தவனும் சோம்பியிருந்ததால் அங்கு விழவில்லை. பரமபதத்தில் இயைந்து நின்ற பொருளும் விதியும் ஆங்கிலப் பலகையில் ஒன்றையொன்று மறுக்கத் தொடங்கின. தன்முயற்சியைப் போதிக்க வந்த பலகை, முயற்சிக்கு இடமே தராத விதியைக் கடன்வாங்கியதன் விளைவு இது. இம்முரண்பாட்டைச் சிறுவரும் உணர்ந்திருத்தல் கூடும். 20ஆம் நூற்றாண்டில் ஒழுக்கப் பெயர்கள் பல பலகைகளிலிருந்து மெல்ல மறைந்து, வெறும் எண்களும் பாம்புகளும் ஏணிகளும் மட்டுமே எஞ்சியமைக்கு இதுவும் ஒரு காரணமெனக் கொள்ளலாம். ஐக்கிய அமெரிக்காவில் 1943ஆம் ஆண்டு மில்ற்றன் பிராட்லி நிறுவனம் பாம்புகளையும் நீக்கிச் சிறுவர் பூங்காவின் சறுக்குப் பலகைகளை வரைந்தது. அங்கு வீழ்ச்சியின் அச்சமும் குறைந்து, குறும்பு செய்தவனுக்கு ஒரு சறுக்கல் என்ற அளவில் நின்றது.

இவ்விடத்தில் மற்றொரு விளையாட்டின் வரலாற்றை ஒப்பிடுதல் பயன்தரும். அமெரிக்கரான எலிசபெத் மகி 1904ஆம் ஆண்டில் 'நிலக்கிழார் விளையாட்டு' என்ற பலகைக்குக் காப்புரிமை பெற்றார். நிலம் ஒருசிலர் கையில் குவிவதால் வறுமை வளர்கின்றது என்ற ஹென்றி ஜோர்ஜின் கொள்கையை மக்களுக்கு விளக்குவதே அவரது நோக்கம். செல்வம் யாவர்க்கும் பகிரப்படும் விதிகள், ஒருவர் மற்றோரை அழித்து முற்றுரிமை பெறும் விதிகள் என இரு வகை விதிகளை அவர் வகுத்தார். 1935ஆம் ஆண்டில் பாக்கர் சகோதரர் நிறுவனம் 'மொனொப்பொலி' என்ற பெயரில் பெருவாரியாக வெளியிட்டபோது இரண்டாவது வகையே எஞ்சியது. அடுத்து இங்கிலாந்தின் வாடிங்ரன் நிறுவனம் அதனைத் தன் நாட்டுக்கு ஏற்ப வெளியிட்டபோது அத்திலாந்திக் நகரத் தெருக்களுக்குப் பதிலாக இலண்டன் தெருக்கள் வந்தன. விதிகள் அப்படியே இருந்தன. கண்டனமாகப் பிறந்த ஒன்று, கண்டிக்கப்பட்டதையே இன்பமாக நுகரும் பயிற்சியாக மாறியது.

இவ்விரு வரலாறுகளாலும் ஓர் உண்மை தெளிவாகின்றது. நாடுமாற்றத்தில் பெயர்களே எளிதில் மாறுகின்றன. படங்கள் அடுத்து மாறுகின்றன. விதிகள் மாறுவது அரிது. ஆனால் ஆடுபவன் உள்ளத்தில் நெடுங்காலம் தங்குவன விதிகளே. ஏணியில் எழுதப்பட்ட பெயரைச் சிறுவன் மறந்துவிடுவான். ஏணி உண்டு என்பதையும், அது எல்லோர்க்கும் பொது என்பதையும் மறவான்.

இனி ஊவாவை நோக்குவோம். 1886ஆம் ஆண்டில் தனி மாகாணமாக்கப்பட்ட ஊவாவுக்குப் புகையிரதப் பாதை 1893ஆம் ஆண்டில் அப்புத்தளை வரையும், மறு ஆண்டில் பண்டாரவளை வரையும், 1924ஆம் ஆண்டில் பதுளை வரையும் வந்தது. மலை ஏறி வந்த அப்பாதை தேயிலையை இறக்குவதற்காக அமைந்தது. தொழிலாளியை ஏற்றுவதற்காக அன்று. தோட்டத்தின் அமைப்பே ஓர் ஏணியை ஒத்திருந்தது. மேலே பெரியதுரையின் பங்களா, அடுத்துச் சின்னதுரை, பின்னர் கிளாக்கர், கணக்கப்பிள்ளை, அதன்கீழ்க் கங்காணி, அடியில் லயம். ஆயின் ஏறுவதற்கான ஏணியன்று அது. ஒவ்வொருவரும் தத்தம் படியில் நிற்பதற்கென்றே அமைக்கப்பட்டது. லயத்தில் பிறந்தவன் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, மலைக்குச் சென்று, லயத்துக்கே மீள்வது தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்தது.

தொடக்கக் கட்டமும் எல்லோர்க்கும் ஒன்றாக இருக்கவில்லை. கங்காணியிடம் பெற்ற முற்பணம் கடனாகப் பதிவாகியே தொழிலாளியின் வாழ்வு தோட்டத்தில் தொடங்கியது. துண்டு என்ற சீட்டு முறையின்கீழ், கடன் தீர்க்கப்பட்டாலன்றி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு அவன் செல்ல இயலாது. பலகையின் புறத்தே தாயத்துக்காகக் காத்திருப்பவன் பூச்சியத்திலிருந்து தொடங்குகின்றான். தோட்டத் தொழிலாளியோ பூச்சியத்துக்கும் கீழிருந்து தொடங்கினான். தொழிலாளர் தொகைக்கேற்பக் கங்காணி தலைக்காசு பெற்றமையால், அவர்கள் நகராதிருப்பதே அவனுக்கு ஆதாயமாயிற்று. துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஊதியத்துக்கு ஒரு வரம்பை வகுத்தது. எனினும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சிறுவருக்கும் அது வெவ்வேறு விகிதங்களை ஏற்றது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்கூலி கிடைத்தது 1984ஆம் ஆண்டிலேதான்.

இந்நிலையில் ஆங்கிலப் பலகையின் அறவுரை தோட்டத்தில் என்ன பொருள் தரும்? உழைப்பு என்ற ஏணி வெற்றிக்குச் செல்லும் என்றது அப்பலகை. மழையிலும் பனியிலும் இடைவிடாது உழைத்தோர் லயத்திலேயே இருந்தனர். சிக்கனம் என்ற ஏணி நிறைவுக்குச் செல்லும் என்றது. அரைப்பேர் விழுந்த நாளில் அரைக்கூலியே பெற்ற குடும்பம் எதனைச் சிக்கனம் செய்திருக்கும்? வறுமைக்குச் சோம்பலே காரணம் என்ற கூற்று, இலங்கையிலேயே அதிகம் உழைத்தோருக்குப் பொருந்தாது போனது தற்செயலன்று. அக்கூற்று இவ்வுழைப்பின் பயனை நுகர்ந்த சமூகத்தின் ஆறுதல் மொழியாகவே இருந்தது.

இதனால் பரமபதமே உயர்ந்தது, அதற்கே மீள வேண்டும் என்ற முடிவுக்கு வருதலும் பொருந்தாது. இந்திய மரபின் ஆன்மிகச் செல்வத்தை ஆங்கிலேயர் சிதைத்தனர் என்ற வாதம் கேட்பதற்கு இனியது. பாதி உண்மையும் அதில் உண்டு. ஆனால் லயத்து வாழ்வுக்குப் பழவினையைக் காரணமாக்கும் விளக்கமும், சோம்பலைக் காரணமாக்கும் விளக்கமும் ஒரு வகையில் ஒரே பணியையே செய்கின்றன. இரண்டும் வீழ்ச்சியின் காரணத்தை வீழ்ந்தவனிடமே தேடுகின்றன. முன்னது முற்பிறவியில் தேடுகின்றது. பின்னது இப்பிறவியின் ஒழுக்கத்தில் தேடுகின்றது. பாம்பை அங்கு வரைந்தது யார் என்று இரண்டும் கேட்பதில்லை.

ஊவாவின் வரலாற்றில் இக்கேள்வியைத் தவிர்த்தல் இயலாது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. ஏறக்குறைய எட்டிவிட்ட கட்டத்திலிருந்து ஒரு சமூகம் முழுவதும் தொடக்கத்துக்கு இறக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி உடன்படிக்கையில் 9,75,000 பேர் எண்களாகப் பகிரப்பட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர். காய்களை நகர்த்தியோர் தில்லியிலும் கொழும்பிலும் இருந்தனர். நகர்த்தப்பட்டோரிடம் கட்டை கொடுக்கப்படவில்லை. நாடற்ற நிலை சட்டப்படி முடிவுக்கு வருவதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாம்பின் வாயைத் தற்செயல் என்று கூறிவிட முடியாமைக்கு ஊவாவிலேயே துயரமான சான்று உண்டு. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தையை அடுத்த மீறியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டன. அச்சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மழை இயற்கையின் செயலே. ஆனால் அச்சரிவில் லயம் அமைந்ததும், அங்கு வாழ்ந்தோருக்கு வேறிடத்தில் சொந்த நிலம் இல்லாதிருந்ததும் இயற்கையின் செயல்களல்ல. வீழ்ச்சியைப் பகடையின் கணக்கில் எழுதிவிடும் பழக்கத்தை இத்தகைய நிகழ்வுகள் கண்டிக்கின்றன.

மறுபுறம், ஏணிகள் எவையும் இருக்கவில்லை என்பதும் பிழையாகும். ஓராசிரியர் ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்புக்களையும் நடத்திய தோட்டப் பாடசாலை, குறைபாடுகள் யாவும் உடையதாயினும், ஏணியின் முதற்படியாக இருந்தது. 1970களில் அரசு இப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியபின் அப்படிகள் சில கூடின. ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934ஆம் ஆண்டில் பிறந்து, ஆசிரியராகப் பணியாற்றி, தோட்டத்து மனிதரைச் சிறுகதையிலும் நாவலிலும் நிலைபெறச் செய்த தெளிவத்தை ஜோசப் இம்மண்ணுக்குரியவர். 2022ஆம் ஆண்டில் மறைந்த அவரது வாழ்வு, ஏணி எத்துணை அரிதாகக் கிடைத்தது என்பதற்கும் கிடைத்தபோது எத்துணை உயரம் சென்றது என்பதற்கும் ஒருங்கே சான்றாகும். 2005ஆம் ஆண்டில் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் அமைந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் அதன் வாயிலை எட்டுவதற்கு இடையிலே எத்தனை கட்டங்கள் உள்ளன என்பது கல்வியாளர் கணக்கிட வேண்டியதாகும்.

இவ்வளவும் கூறியபின் ஒரு மறுப்பு எழலாம். லயத்தில் பாம்பேணி ஆடும் சிறுவன் வினைக்கோட்பாட்டையோ விக்டோரியா கால ஒழுக்கத்தையோ நினைந்து ஆடுவதில்லை. எழுத்துக்கள் மறைந்த எண்பலகையே அவன் கையிலுள்ளது. எனவே இவ்வாய்வு விளையாட்டின் மீது வேண்டாத பாரத்தை ஏற்றுகின்றது என்பதே அம்மறுப்பு. இதனைப் புறக்கணிக்க இயலாது. ஆனால் எழுத்துக்கள் மறைந்ததனாலேயே மற்றோர் உண்மை வெளிப்படுகின்றது. போதனைகள் யாவும் உதிர்ந்தபின் அப்பலகையில் எஞ்சி நிற்பது எது? எல்லோரும் ஒரே கட்டத்திலிருந்து தொடங்குகின்றனர். கட்டை எவர்க்கும் உரிமையானதன்று, முறைப்படி கைமாறுகின்றது. கணக்கப்பிள்ளையின் மகனைக் கண்டு பாம்பு வாய் மூடுவதில்லை. கொழுந்து பறிப்பவளின் மகளைக் கண்டு ஏணி விலகுவதில்லை. ஆட்டத்தின் நடுவே விதியை மாற்றுபவனை மற்றச் சிறுவர் அளாப்பி என்று கூறி ஒதுக்கிவிடுவர். பரமபதத்துக்கும் பாம்பேணிக்கும் பொதுவாக நின்று, இரண்டு நாடுமாற்றங்களையும் தாங்கி வந்தது இச்சமத்துவமே. ஏணிகளிலும் பாம்புகளிலும் எழுதப்பட்டவற்றைக் காட்டிலும் இதுவே அவ்விளையாட்டின் மெய்யான அறமாகும். தோட்டத்து வாழ்வு மறுத்தது எதுவோ, அதனைத் தோட்டத்துச் சிறுவன் பலகையில் நாள்தோறும் பழகினான்.

இவ்வடிப்படையில், ஊவாவுக்கென ஒரு பலகை ஆக்க விரும்புவோர் கருத்திற்கொள்ள வேண்டியவற்றை வகுத்துக்கொள்ளலாம். இத்தகைய முயற்சிகளைப் பாடசாலைகளிலும் கண்காட்சிகளிலும் மேற்கொள்வோர், கட்டங்களில் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தையும் துன்ஹிந்த அருவியையும் நமுனுகுல மலையையும் வரைந்துவிட்டால் தழுவல் நிறைவுற்றதெனக் கருதுதல் கூடும். இலண்டன் தெருக்களை எழுதிய வாடிங்ரன் நிறுவனம் செய்ததும் அதுவே. அழகிய படங்கள் வேண்டியவைதாம். ஆனால் அவை தழுவலின் தோல் மட்டுமே.

முதலாவதாக, வீழ்ச்சியின் காரணம் பலகையில் மெய்யாகக் கூறப்படல் வேண்டும். பாம்புக்குச் சோம்பல் என்று பெயரிடுவதற்கு முன், துண்டு, குடியுரிமை இழப்பு, காணியின்மை ஆகிய பெயர்கள் நினைவுக்கு வருதல் வேண்டும். இரண்டாவதாக, ஏணி தனியொருவனை மட்டும் உயர்த்துவதாக அமைதல் போதாது. சமகூலியும் குடியுரிமையும் சங்கத்தாலும் கூட்டுப் போராட்டத்தாலும் பெறப்பட்டவை. ஒருவன் ஏறும்போது மற்றக் காய்களும் உடன் ஏறும் விதி ஒன்றை வகுத்தல் இயலாததன்று. எலிசபெத் மகி இரு வகை விதிகளை வகுத்துக்காட்டியது இதற்கு முன்மாதிரியாகும். மூன்றாவதாக, இப்பலகை தோட்டத்தோடு நின்றுவிடலாகாது. தோட்டங்களைச் சூழ்ந்துள்ள சிங்களக் கிராமங்களும் ஊவாவே. 1818ஆம் ஆண்டில் ஒடுக்கப்பட்ட கிளர்ச்சியின் அழிவையும், 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தால் கையகப்படுத்தப்பட்ட காடுகளையும் புன்செய்களையும் அக்கிராமங்கள் அறிந்தவை. புத்தாண்டில் அங்கு சோழி உருட்டி ஆடப்படும் பஞ்ச கெலியவும், குன்றிமணி கொண்டு ஆடப்படும் ஒலிந்த கெலியவும் நமது தாயத்துக்கும் பல்லாங்குழிக்கும் உறவானவை என்பதை ஹென்றி பாக்கர் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலின் விவரணங்களைப் படிப்போர் உணர்வர். ஒரே பாம்பு இரு இனத்தாரையும் கடித்த இடங்களை அப்பலகை காட்டுமாயின், கிராமத்துப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் அதன் இரு புறமும் அமர்ந்து ஆடுதல் இயலும்.

நான்காவதாக, இலக்கு யாது என்ற பழைய வினா மீண்டும் எழுப்பப்படல் வேண்டும். ஆங்கிலப் பலகை நூறாவது கட்டத்தை இலக்காக்கியது. பதுளையிலிருந்து கொழும்புக்கும், கொழும்பிலிருந்து மத்திய கிழக்குக்கும் வேலை தேடிச் செல்லும் இன்றைய தோட்டத்து இளைஞரின் கணக்கும் பெரும்பாலும் அதுவாகவே உள்ளது. எத்தனை கட்டம் விலகிச் சென்றோம் என்பதே உயர்வாகத் தோன்றுகின்றது. பழைய பலகையில் வைகுந்தம் இறுதிக் கட்டமன்று என்பதை இங்கு நினைத்தல் தகும். சமயப் பொருளை விடுத்து நோக்கினும், உரிய இடத்தில் உரிமையோடு நிற்பதே பேறு என்ற கருத்து அதில் உண்டு. ஏழு பேர்ச் காணியும் அதற்கொரு உறுதியும், மலைச்சரிவுக்கு அஞ்சாத வீடும், பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் வரையிலான வழியும் ஊவாவின் மண்ணிலேயே கிடைக்குமாயின், அதுவே இப்பலகையின் அறுபத்தெட்டாம் கட்டமாகும்.

பரமபதம் வினையை விளக்கியது; பாம்பேணி ஒழுக்கத்தை விளக்க முற்பட்டுத் தன் விதியாலேயே தோல்வியுற்றது. இரண்டும் பாம்பையும் ஏணியையும் முன்னரே வரைந்து முடிக்கப்பட்டவையாக ஏற்றுக்கொண்டன. தோட்டத்து மக்களின் வரலாறு அதற்கு மாறாக, பாம்புகள் வரையப்பட்டன என்பதையும், வரையப்பட்டவை அழிக்கவும்படும் என்பதையும் காட்டுகின்றது. 1921, 1984, 2003 ஆகிய ஆண்டுகள் அழிக்கப்பட்ட பாம்புகளின் ஆண்டுகள். இவ்வரலாற்றை உள்வாங்காத எந்தத் தழுவலும் பெயர்மாற்றமாகவே நிற்கும். அதனை உள்வாங்கிய பலகை ஒன்றை ஆக்கும் கடமை, தோட்டத்திலிருந்து ஏறி வந்த மாணவருக்கும் அவர்க்குக் கற்பிக்கும் விரிவுரையாளர்க்கும் உரியதாகும்.